டிராவலர் தொடராட்டங்கள்

டிராவலர், 1977-ல் அமெரிக்காவில் வெளியான அறிவியல் புனைவுப் பாத்திரமேற்பு விளையாட்டு. மேசையைச் சுற்றி அமரும் சிறு குழு, தாளும் பென்சிலும் இரண்டு பகடைகளும் கொண்டு விளையாடுவது. ஒருவர் நடுவராக இருந்து உலகத்தையும் அதன் மாந்தரையும் விவரிப்பார். மற்ற ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்றுக்கொண்டு, அவர் என்ன செய்கிறார் என்று சொல்வார்கள். ஒரே குழு பல மாதங்கள் தொடர்ந்து ஆடும் நீண்ட கதையைத் தொடராட்டம் எனலாம். அச்சில் வந்த தொடராட்ட நூல்கள் டிராவலரின் வரலாற்றில் முக்கியமானவை. கதை நூலுக்குரியதா, அதை ஆடும் குழுவுக்குரியதா என்ற கேள்வி இந்த வரலாறு முழுவதும் தொடர்கிறது.

தோற்றம்

கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1973-ல் இலினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் தொடங்கப்பட்டது. ஃபிராங்க் சாட்விக், ரிச் பேனர், மார்க் மில்லர், லோரன் வைஸ்மேன் ஆகியோர் அதன் நிறுவனர்கள். வரைபடங்களின் மேல் அட்டைக் காய்களை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டுகளே அவர்களின் தொழில். 1974-ல் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், மேசை விளையாட்டில் ஒரு புதிய வகையைத் தொடங்கி வைத்தது. அவ்வகையை விண்வெளிக்குக் கொண்டுசெல்லும் முயற்சிகள் விரைவிலேயே வந்தன. 1976-ல் ஜேம்ஸ் வார்டு உருவாக்கிய மெட்டமார்போசிஸ் ஆல்ஃபா, தலைமுறைகளாகப் பயணிக்கும் ஒரு பெருங்கப்பலைக் களமாகக் கொண்டது.

மார்க் மில்லர் வடிவமைத்த டிராவலர் மூன்று சிறிய கறுப்பு நூல்களாக ஒரு பெட்டியில் வந்தது. முதல் நூல் கதைமாந்தரையும் சண்டையையும், இரண்டாவது விண்கப்பல்களையும், மூன்றாவது உலகங்களையும் பற்றியது. அந்தப் பெட்டியில் கதைக்களம் எதுவும் இல்லை. பகடை உருட்டி விண்மீன் வரைபடத்தை உருவாக்கும் முறை மட்டுமே இருந்தது. பேரரசையோ குடியரசையோ அமைத்துக்கொள்வது நடுவரின் வேலை.

விளையாட்டு முறை

டிராவலரின் கதைமாந்தர் பெரும்பாலும் நடுவயதினர். வலிமை, லாவகம், தாக்குப்பிடிக்கும் திறன், அறிவு, கல்வி, சமூக மதிப்பு ஆகிய ஆறு பண்புகளும் இரண்டு பகடைகளால் முடிவாகும். பின்னர் அவர் 18 வயதில் கடற்படை, தரைப்படை, வணிகம் போன்ற ஒரு பணியில் சேர்வார். பணிக்காலம் நான்கு நான்கு ஆண்டுகளாக நகரும். ஒவ்வொரு கட்டத்திலும் உயிர் பிழைத்தாரா என்று பகடை உருட்டிப் பார்க்க வேண்டும். 1977-ன் விதிப்படி இதில் தோற்றால், ஆட்டம் தொடங்கும் முன்பே கதைமாந்தர் இறந்துவிடுவார். பிழைத்தவர் சில திறன்களோடும் சிறு சேமிப்போடும் ஓய்வு பெற்று ஆட்டத்துக்குள் வருவார்.

தொடராட்டத்தை நகர்த்துவது பெரும்பாலும் கடன்தான். 200 டன் தனி வணிகக் கப்பலின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட். மாதத் தவணை விலையில் 240-ல் ஒரு பங்கு. அதாவது 1,54,500 கிரெடிட் வீதம் 480 மாதங்கள் கட்ட வேண்டும். சரக்கும் பயணிகளும் மட்டும் இந்தத் தவணைக்குப் போதாதபோது, குழு சந்தேகத்துக்குரிய வேலைகளை ஏற்கும். கதை அங்கிருந்து தொடங்கும்.

இன்னொரு அடிப்படை விதி பயண நேரம் பற்றியது. விண்மீன்களுக்கிடையே செய்யும் ஒரு பாய்ச்சல் ஒரு பார்செக் தூரமானாலும் ஆறு பார்செக் தூரமானாலும் ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். ஒளியை மிஞ்சும் வானொலி கிடையாது. செய்தி கப்பலில்தான் போகும். தலைநகரில் நடப்பது எல்லைப்புறத்தை அடைய மாதக்கணக்கில் ஆகும். எனவே எல்லையில் இருக்கும் கப்பல் குழு தன் முடிவைத் தானே எடுக்க வேண்டும். நடுவருக்கும் இது ஒரு சுதந்திரத்தைத் தந்தது. மையத்தில் என்ன நடந்தாலும் தன் மேசையின் உலகம் சில காலம் தன் போக்கில் செல்லலாம்.

அச்சில் வந்த தொடராட்டங்கள்

1979-ல் ஸ்பின்வர்டு மார்ச்சஸ் என்ற எல்லைப் பகுதியின் வரைபட நூல் வெளியானது. அதில் 439 உலகங்கள் இருந்தன. அதே ஆண்டில் முதல் சாகச நூலான கினுனிரும், டிராவலருக்கான காலாண்டிதழும் வந்தன. அவ்விதழில் கற்பனைப் பேரரசின் நிகழ்வுகள் செய்தி அறிக்கைகளாக அச்சிடப்பட்டன. களமில்லாமல் தொடங்கிய விளையாட்டு தனக்கென ஒரு வரலாற்றைப் பெற்றது.

1980-ல் வந்த 76 பேட்ரன்ஸ் நூல், பதிப்பாளரின் கதைக்கும் மேசையின் சுதந்திரத்துக்கும் இடையே ஒரு வழியைக் காட்டியது. அதில் உள்ளவை குழுவிடம் வேலை தர வரும் மனிதர்களைப் பற்றிய குறிப்புகள். வேலைக்குப் பின்னுள்ள உண்மை எது என்பதற்குப் பல விடைகள் எண்ணிட்டுத் தரப்பட்டன. நடுவர் ஒன்றைத் தேர்வு செய்யலாம், அல்லது பகடை உருட்டலாம். நூலைப் படித்துவிட்டு வந்த ஆட்டக்காரருக்கும் உண்மை தெரியாது. அதே ஆண்டின் ட்வைலைட்ஸ் பீக், பழங்கால வேற்றினம் ஒன்றின் தடத்தை வதந்திகள் வழியே தேடும் கதை. வணிகப் பயணத்தின் ஊடே துப்புகள் சிறுகச் சிறுகக் கிடைக்கும்.

1983-ல் வந்த தி டிராவலர் அட்வென்ச்சர் முழுநீளத் தொடராட்ட நூல். மார்ச் ஹாரியர் என்ற மானிய வணிகக் கப்பலின் குழுவை மையமாகக் கொண்டது. ஓநாய் வழி வந்த வார்கர் இனத்தவர் ஒருவரும் ஒரு புரூச்சும் கதையைத் தொடங்கி வைக்க, குழு டுகேரா என்ற மாபெரும் கப்பல் நிறுவனத்தின் பகையில் சென்று சிக்கும்.

இத்தகைய நூலை நடத்தும் நடுவருக்கு ஒரு சிக்கல் உண்டு. குழு அந்த வேலையை ஏற்க மறுத்தால் நூலின் மற்ற அத்தியாயங்கள் பயனற்றுப் போகும். வற்புறுத்தினால், ஆட்டக்காரர்கள் தண்டவாளத்தில் ஓடும் ரயிலின் பயணிகளாவார்கள். டிராவலரில் இதற்குப் பொருளாதாரமே உதவியது. தவணை நாள் நெருங்கும்போது குழு தானே வேலை தேடும். மறுத்த வேலையை வேறொரு துறைமுகத்தில் வேறொருவர் மூலம் மீண்டும் கொண்டுவரலாம். அத்தியாயங்களுக்கு இடையே சாதாரண வணிகப் பயணங்களை விட்டுவைத்தால் கப்பல் குழுவின் சொந்தக் கதையும் வளரும்.

பேரரசின் உடைவு

1980-களின் தொடக்கத்தில் கதைக்களம் பேரரசின் 1105-ஆம் ஆண்டு. நம் கணக்கில் கி.பி. 57-ஆம் நூற்றாண்டு. 1107-ல் எல்லைப் போர் வெடித்ததாக இதழின் செய்திகள் கூறின. 1987-ல் வெளியான மெகாடிராவலர் பதிப்பு இன்னும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. 1116-ல் பேரரசர் ஸ்ட்ரெஃபான் சுடப்படுகிறார், பேரரசு உள்நாட்டுப் போரில் உடைகிறது. 1993-ல் டிராவலர்: தி நியூ எரா பதிப்பில், கணினிகளைப் பீடிக்கும் வைரஸ் ஒன்று நாகரிகத்தையே அழித்துவிட்டிருந்தது.

சாகசத்துக்கு வேண்டிய நெருக்கடிகளை இவை தந்தன. ஆனால் பல ஆண்டுகளாக ஒரே கப்பலையும் ஒரே துறைமுகங்களையும் வைத்து ஆடிவந்த குழுக்களின் மேசையில், அவர்கள் செய்யாத ஒரு கொலையால் எல்லாம் முடிவுக்கு வந்தது. அச்சிட்ட வரலாற்றை ஏற்றால் தம் கதையை இழக்க வேண்டும். மறுத்தால் புதிய நூல்கள் தமக்குப் பொருந்தாமல் போகும். ஆட்டக்காரர்களிடையே இதனால் நீண்ட பிளவு ஏற்பட்டது. கேம் டிசைனர்ஸ் வொர்க்‌ஷாப் 1996-ல் மூடப்பட்டது.

1998-ல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட கர்ப்ஸ் டிராவலர் வேறொரு காலவரிசையைத் தேர்ந்தது. அதில் கொலை நடப்பதற்கு முன்பே கொலையாளி இறந்துவிடுகிறார், பேரரசு நிலைத்திருக்கிறது. அதன் பதிப்பாசிரியர் நிறுவனர்களில் ஒருவரான லோரன் வைஸ்மேன். 2008-ல் பிரிட்டனின் மாங்கூஸ் பப்ளிஷிங் வெளியிட்ட பதிப்பு களத்தை மீண்டும் 1105-க்கே கொண்டுவந்தது. போரும் கொலையும் வைரஸும் இனி நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.

பைரேட்ஸ் ஆஃப் டிரினாக்ஸ்

மாங்கூஸ் நிறுவனம் 2017-ல் நூல்வடிவில் வெளியிட்ட பைரேட்ஸ் ஆஃப் டிரினாக்ஸ், கேரத் ஹன்ரஹன் எழுதியது. வீழ்ந்துபோன பேரரசு ஒன்றின் வாரிசான டிரினாக்ஸ் அரசர், அழிக்கப்பட்ட தன் உலகின் மேலே மிதக்கும் அரண்மனையில் வாழ்கிறார். பழைய போர்க்கப்பல் ஒன்றையும் கொள்ளையடிக்கும் உரிமைப் பத்திரத்தையும் குழுவிடம் தருகிறார். எந்தக் கப்பலைத் தாக்குவது, எந்த உலகத்தை நட்பாக்குவது, அரசருக்கே விசுவாசமாக இருப்பதா என்பன ஆட்டக்காரர்களின் முடிவுகள். நூல் தருவது இடங்கள், மனிதர்கள், அவர்களின் நோக்கங்கள், சில தனிச் சாகசங்கள். இறுதி நிகழ்வு என்று ஒன்றை அது விதிப்பதில்லை.

வரலாற்று இடம்

டிராவலர், விண்வெளிக் கதையை வீரர்களிடமிருந்து எடுத்துக் கடனில் உழலும் வணிகர்களிடமும் ஓய்வுபெற்ற படைவீரர்களிடமும் கொடுத்த விளையாட்டு. களமின்றித் தொடங்கி, விரிவான வரலாறு ஒன்றை எழுதி, அதை உடைத்து, பின்னர் தொடக்க ஆண்டுக்கே திரும்பியது. அந்தத் திரும்புதல் நடுவர்களுக்குப் பழைய உரிமையை மீட்டுத் தந்தது. ஸ்ட்ரெஃபான் உயிரோடிருக்கும் 1105-ல், அடுத்து என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு குழுவும் தன் மேசையில் முடிவு செய்கிறது.