கூட்டு முறிந்தபோது பிறந்த பிளேஸ்டேஷன்

கல்முனைக் கடைத்தெருவில் ஒரே சரக்கை விற்கும் இரு கடைகள் எதிரெதிரே நிற்கக் கண்டால், இவை முன்னொரு காலத்தில் ஒரே கடையாக இருந்திருக்குமோ என்று எண்ணுவது என் வழக்கம். கூட்டு வியாபாரம் முறிந்து பிரிகிறவர் தொலைவுக்குப் போவதில்லை. கற்ற தொழிலோடு முன்னாலேயே கடை விரிப்பார். மத்திய கிழக்கிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கொண்டுவந்த பிளேஸ்டேஷன் பெட்டியின் முன்னால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த நாட்களில், அதன் பின்னாலும் அப்படியொரு கதை இருந்ததை நான் அறிந்திருக்கவில்லை.

1980களின் பிற்பகுதியில் வீட்டு விளையாட்டுக் கருவிச் சந்தையை ஆண்டது யப்பானின் நின்டெண்டோ. சோனி கம்பனியின் பொறியியலாளர் கென் குத்தராகி, மேலதிகாரிகள் பலருக்குத் தெரியாமலே, நின்டெண்டோவின் புதிய கருவிக்கு ஒலிச் சில்லொன்றை வடிவமைத்துக் கொடுத்தார். அந்த உறவு வளர்ந்து 1988இல் ஒப்பந்தமாயிற்று. இறுவட்டில் விளையாட்டுகளை இயக்கும் இணைப்புக் கருவியைச் சோனி உருவாக்கும் என்பது ஏற்பாடு.

வில்லங்கம் ஒப்பந்தத்தின் உள்ளேயே இருந்தது. இறுவட்டில் வெளிவரும் விளையாட்டுகளின் உரிமையை அது சோனியிடம் விட்டுவிட்டது. நின்டெண்டோவின் இலாபமோ விளையாட்டு விற்பனையிலும், பிற தயாரிப்பாளர்கள் செலுத்தும் உரிமத் தொகையிலும் தங்கியிருந்தது. இதன் பொருளைப் பிந்தி உணர்ந்த நின்டெண்டோ தலைவர் ஹிரோஷி யமௌச்சி, சோனியிடம் சொல்லாமலே நெதர்லாந்தின் பிலிப்ஸ் கம்பனியுடன் பேச ஆளனுப்பினார்.

1991 ஜூனில் சிக்காகோ கண்காட்சியில் சோனி தன் கருவியைப் பெருமையோடு அறிவித்தது. மறுநாள் அதே கண்காட்சியில், தனது பங்காளி பிலிப்ஸ் என்று நின்டெண்டோ அறிவித்தது. சபையில் வைத்து முகத்தில் அறைந்ததற்கு ஒப்பான செயல் அது.

விளையாட்டு வியாபாரமே வேண்டாம் என்று சோனிக்குள் பலர் சொன்னார்கள். ஆனால் அவமானத்தை மறக்காத தலைவர் நோரியோ ஓகா, 1992இல் குத்தராகிக்கு வழிவிட்டார். 1994 டிசம்பர் 3ஆந் திகதி பிளேஸ்டேஷன் யப்பானில் விற்பனைக்கு வந்தது. காலப்போக்கில் 10 கோடிக்கு மேல் விற்றது. நின்டெண்டோ 1996இல் கொண்டுவந்த அடுத்த கருவியோ, செலவு கூடியதும் கொள்ளளவு குறைந்ததுமான கார்ட்ரிட்ஜையே நம்பியிருந்தது. அது விற்றது சுமார் 3.3 கோடி. பிலிப்ஸுடன் பேசிய இணைப்புக் கருவி கடைக்கு வரவேயில்லை.

முறிந்த கூட்டின் எச்சமான மாதிரிக் கருவியொன்று 2020 மார்ச்சில் 3,60,000 டொலருக்கு ஏலம் போயிற்று.

கூட்டுச் சேரும்போது எழுதிக்கொள்ளுங்கள் என்பார்கள் எங்கள் மூத்தோர். இவர்கள் எழுதித்தான் இருந்தார்கள். எழுதியதைக் கையொப்பத்துக்கு முன்னர் ஆற அமர வாசித்திருந்தால், ஒருவேளை பிரிவே வந்திராது. பிரிவு தவிர்க்க முடியாததென்றாலும், அதைக் கூட்டாளியின் முகத்துக்கு நேரே முதலிற் சொல்லியிருக்கலாம். நின்டெண்டோ அன்று இழந்தது ஒரு பங்காளியை மட்டுமன்று. தன் எதிர்க்கடைக்குத் தானே அத்திவாரம் போட்டுக் கொடுத்தது.