ஒரே மாதிரி இருந்ததால் தொலைந்தது

மன்னவனூர்ல எங்க தாத்தா காலத்துப் புல்வெளி பாதிக்குமேல் இப்போ பைன், யூகலிப்டஸ், வாட்டில் காடு. மலை பச்சையாவே இருந்ததால் புல் போனது யாருக்கும் உறைக்கல. மெல்லலகு கர்லூ என்ற கரைப்பறவையின் கதையும் ஏறக்குறைய இதுதான்.

அதன் உறவான யூரேசிய கர்லூவைக் கோடியக்கரையில் பார்த்திருக்கிறேன். குளிர்காலத்தில் வரும். வளைந்த நீள அலகைச் சேற்றுக்குள் விட்டு நண்டும் புழுவும் எடுக்கும். மெல்லலகு கர்லூ அதைவிடச் சின்னது. அலகு குட்டை, மெலிசு. விலாவில் இதய வடிவப் புள்ளிகள். தூரத்திலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒண்ணுதான்.

அதன் கூடுகளைக் கண்டு பதிவுசெய்தவர் உஷாகோவ் ஒருவர்தான். சைபீரியாவின் தாரா அருகே, 1909க்கும் 1925க்கும் இடையில். வேட்டையாலும் சதுப்புநிலங்கள் வற்றடிக்கப்பட்டதாலும் அது குறைந்தபோது, பெரிய உறவுக்காரரின் கூட்டத்துக்குள் அந்தக் குறைவு மறைந்துபோனது. 1995 பிப்ரவரியில் மொராக்கோவின் மெர்ஜா ஸெர்கா காயலில் பார்த்ததே கடைசி உறுதியான பதிவு. 2025 அக்டோபரில் ஐயூசிஎன் அது அழிந்துவிட்டதாக அறிவித்தது.

யூரேசிய கர்லூவும் இன்று அச்சுறுத்தலை நெருங்கிய இனம்தான். அடுத்த முறை கோடியக்கரை போனால் 'கர்லூ கூட்டம்' என்று எழுதிவிட்டு வரமாட்டேன். ஒவ்வொன்றாக எண்ணுவேன்.