குச்சவெளிக் கரையிற் கல்லும் கொங்கிறீற்றும்: ஒரு பிணைப்பின் வரலாறு

கல் நெருக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தூணாக நிறுத்திய கல் பெருஞ்சுமையைப் பொறுக்கும். அதே கல்லை இரு தூண்களின் மேல் உத்தரமாகக் கிடத்திச் சுமையேற்றினால் மேற்பக்கம் நெருக்கப்படும். கீழ்ப்பக்கம் இழுக்கப்பட்டு வெடிக்கும். இக்குறையை மாந்தர் வென்ற வரலாற்றின் இரு முனைகளையும் குச்சவெளிப் பிரதேசத்திலே காணலாம்.

குச்சவெளிக்கு வடக்கேயுள்ள திரியாயில், குன்றின் மேல் அமைந்த கிரிகண்டி சைத்தியத்தைச் சூழ இரு வட்டங்களாகக் கற்றூண்கள் நிற்கின்றன. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் அமைந்தது. வணிகர் குழுவினரோடு இத்தலத்தைத் தொடர்புபடுத்துவது. இவ்வகை வட்டக் கட்டடங்கள் மரக்கூரை உடையனவாயிருந்தன என்பது பரணவிதான முதலிய அறிஞர் கருத்து. அக்கருத்தை ஏற்கின், நெருக்கத்தைக் கல்லிடமும் வளைவை மரத்திடமும் ஒப்படைத்த பகுப்பு இங்கே புலனாகும். இரண்டும் கல்லேயான திராவிடக் கோயில்களில் தூண்கள் நெருங்கி நிற்பதன் காரணமும் இதுவே. திருகோணேச்சரத்தின் பழங்கோயில் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் கோட்டைக்குப் பயன்பட்டமையால், இவ்வொப்பீட்டை அருகிலேயே செய்யும் வாய்ப்பை இழந்தோம்.

19ஆம் நூற்றாண்டில் இப்பகுப்பு ஓர் உறுப்பினுள்ளேயே புகுந்தது. 1867இல் பிரான்சிலே மொனியே இரும்புக்கம்பி பொதிந்த சீமெந்துத் தொட்டிகளுக்குக் காப்புரிமை பெற்றார். 1892இல் என்பிக் தூணையும் உத்தரத்தையும் ஒருசேர வார்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். கொங்கிறீற்றின் இழுவை வலிமை அதன் நெருக்கல் வலிமையில் ஏறத்தாழப் பத்திலொன்றே. அக்குறையை உருக்கு நிறைவு செய்தது. வெப்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் இவ்வுறவு நீடித்தது.

ஆயினும் இரு பொருள்கள் அருகருகே இருத்தல் வேறு. ஒன்றாய் உழைத்தல் வேறு. சம கனமுள்ள இரு பலகைகளை வெறுமனே அடுக்கிச் சுமையேற்றின் அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவித் தனித்தனியே வளையும். நழுவாது பிணைப்பின் வலிமை இருமடங்காகும். விறைப்பு நான்கு மடங்காகும். உருக்கு உத்தரத்தின் மேற் கொங்கிறீற்றுத் தளம் அமையும் கூட்டுறுப்புக்கும் இதுவே விதி. இடைமுகத்தில் எழும் கொய்வு விசையைத் தாங்க உருக்கின் மேல் ஆணிகள் பற்றவைக்கப்படுகின்றன. 1950களில் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் வீஸ்ற் நிகழ்த்திய சோதனைகள் அவ்வாணிகளின் தாங்குதிறனைக் கணிக்க வழிகாட்டின. தூணிலோ, உருக்கைப் பொதிந்த கொங்கிறீற்று அதனை நெளியாது காக்கிறது. நெடுங்காலச் சுமையாற் கொங்கிறீற்று மெல்ல ஒடுங்கும்போது சுமையின் ஒரு பங்கு உருக்குக்கு மாறுகின்றது. இவ்வாறு உறுப்பின் வலிமை பொருளின் வலிமையன்று, பிணைப்பின் வலிமையே எனத் துணியலாம்.

இத்துணிபு குச்சவெளிக் கரைக்கு ஏட்டளவில் நிற்பதன்று. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. பேரலை ஒரு நாளில் வந்து போவது; உப்புக்காற்றோ நாள்தோறும் வீசுவது. குளோரைட்டு உப்பு கொங்கிறீற்றினூடே ஊறிக் கம்பியை அடையின் கறள் பிடிக்கும். கறள், தான் அழித்த இரும்பைவிட இருமடங்குக்கும் மேலான இடத்தைக் கொள்வதால், மூடியுள்ள கொங்கிறீற்று வெடித்து உதிரும். பிணைப்பு அற்றபின், தூண் தோற்றத்தில் தூணாயிருந்தும் தொழிலிற் குன்றிவிடும். கழுவாத கடல்மணலைக் கலப்பதும் கம்பிக்கு வெளியே போதிய கனமின்றி வார்ப்பதும் இவ்வழிவை விரைவிக்கும்.

திரியாய்த் தூண்களுக்குள் இரும்பில்லை. ஆதலாற் கூரை மறைந்தும் அவை நிற்கின்றன. நம் காலத்துத் தூண் அவற்றினும் அகன்ற வெளியைக் கூரையிட வல்லது. எனினும் அவ்வாற்றல் கம்பியை மூடிய சில அங்குலக் கொங்கிறீற்றிலே தங்கியுள்ளது. கடலோரத்தில் வீடும் பள்ளியும் கட்டுவோர் முதலிற் பேணவேண்டியது அதனையேயாம்.