பிள்ளையின் மலைச் சைக்கிள்: பாகங்களைத் தெரிவதும் சஸ்பென்சனைப் பேணுவதும்

சுவிற்சர்லாந்து, நோர்வே, யேர்மனி, கனடா போன்ற நாடுகளில் வளரும் எமது பிள்ளைகள் பலர் இன்று மலைச் சைக்கிள் கேட்கிறார்கள். பாடசாலை நண்பர்கள் காட்டுப் பாதைகளில் ஓடுகிறார்கள், கழகங்கள் பயிற்சி தருகின்றன. 2021 இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மலைச் சைக்கிள் போட்டியின் மூன்று பதக்கங்களையும் சுவிஸ் வீராங்கனைகளே வென்றார்கள். அங்கே வளரும் ஒரு பிள்ளைக்கு இது உதைபந்தாட்டம் போல இயல்பான விளையாட்டு.

சைக்கிள் எமக்குப் புதிதல்ல. 1990களின் எரிபொருள் தடைக்குள் யாழ்ப்பாணம் சைக்கிளில்தான் இயங்கியது. மின்சாரம் இல்லாத இரவுகளில் சில்லைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். பஞ்சர் ஒட்டவும், செயின் கழற்றிப் பூட்டவும், கம்பி இறுக்கி றிம்மின் நெளிவு எடுக்கவும் வீட்டுக்கு ஒருவருக்காவது தெரிந்திருந்தது. அந்தக் கைப்பழக்கம் இங்கும் உதவும். ஆனால் மூன்று இடங்களில் அது போதாது: சஸ்பென்சன், எண்ணெயால் இயங்கும் டிஸ்க் பிறேக், ரியூப் இல்லாத ரயர்.

ஊர்ச் சைக்கிள் பழுதாகும்போது சத்தம் போடும். சஸ்பென்சன் அப்படியல்ல. வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே எண்ணெய் வற்றி, குழாய்கள் தேயத் தொடங்கியிருக்கும். தெரியவரும்போது பழுதின் செலவு பெரிதாகிவிடும். ஆகவே மலைச் சைக்கிளைப் பழுது கண்டு திருத்துவதைவிட, ஓடிய மணி நேரத்தைக் கணக்கிட்டுப் பேணவேண்டும். இக்கட்டுரையில் நாம் வலியுறுத்துவது இதைத்தான்.

கிறீஸ் புகைந்த மலைப்பாதை

கலிபோர்னியாவின் மரின் பகுதியில், ரமல்பயஸ் மலையை அண்டிய இடங்களில், 1970களில் சில இளைஞர்கள் தடித்த ரயர் கொண்ட மிகப் பழைய சைக்கிள்களில் மலையிறங்கினார்கள். 1976 ஒக்ரோபரில் தொடங்கிய அவர்களது போட்டிக்கு 'றீபக்' என்று பெயர். பெடலைப் பின்னோக்கி மிதித்துப் பிடிக்கும் பிறேக் என்பதால், ஒரு தடவை இறங்கினாலே பின்சில்லின் கப்புக்குள் இருந்த கிறீஸ் சூட்டில் புகைந்துவிடும். மீண்டும் கிறீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். 'மீண்டும் அடைத்தல்' என்பதே அந்தப் பெயரின் பொருள். மலைச் சைக்கிளும் பராமரிப்பும் சேர்ந்தே பிறந்தவை.

1977 இல் ஜோ பிறீஸ் என்பவர் மலைக்கென்றே சட்டகம் கட்டினார். 1989 இல் போல் ரேணர் றொக்சொக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் முதல் முன்கவையின் அசைவு ஏறத்தாழ 50 மில்லிமீற்றர்தான். இன்று மலையிறக்கப் போட்டிச் சைக்கிள்களில் 200 மில்லிமீற்றர் உண்டு.

எவ்வளவு அசைவு தேவை?

சில்லு மேலும் கீழும் அசையும் தூரத்தை 'ட்ராவல்' என்பார்கள். வாங்கும் முன், பிள்ளை எங்கே ஓடப்போகிறது என்று கேளுங்கள்.

- காட்டுப் பாதை, ஏற்றம், நீண்ட ஓட்டம்: 100 முதல் 120 மில்லிமீற்றர். முன்னுக்கு மட்டும் சஸ்பென்சன் உள்ள சைக்கிள் போதும்.
- வேரும் கல்லும் நிறைந்த பாதை: 120 முதல் 150 மில்லிமீற்றர்.
- லிப்டில் ஏறி, செங்குத்தாக இறங்கும் பைக் பார்க்: 160 மில்லிமீற்றரும் அதற்கு மேலும்.

அசைவு கூடக்கூட நிறையும், விலையும், பராமரிப்பும் கூடும். பின்சஸ்பென்சன் உள்ள மலிவு வண்டியைவிட, அதே விலைக்கு முன்சஸ்பென்சன் மட்டும் உள்ள நல்ல வண்டி மேலானது.

சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. 25 கிலோ நிறையுள்ள பிள்ளையின் கீழ், மலிவான விற்சுருள் முன்கவை பெரும்பாலும் அசையவே அசையாது. வண்டியின் நிறையை மட்டும் கூட்டும். அந்த வயதில் சஸ்பென்சன் இல்லாத, இலேசான வண்டியும் அகலமான ரயரும் போதும். வளர்ந்த பின் வாங்குவதானால், காற்றால் இயங்கும் முன்கவை உள்ளதைத் தேடுங்கள். பிள்ளையின் நிறை கூடக்கூட அதன் காற்றையும் கூட்டலாம்.

பழைய வண்டி வாங்கும்போது

சுவிசில் புறோ வேலோ அமைப்பு நடத்தும் பழைய சைக்கிள் சந்தைகளில் நல்ல வண்டிகள் கிடைக்கும். நோர்வேயில் 'பூஆ' நிலையங்களில் விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் பெறலாம். பிள்ளைக்கு உண்மையாகவே விருப்பம் உண்டா என்று அறிய அது நல்ல வழி. எங்கே வாங்கினாலும் இவற்றைப் பாருங்கள்.

1. முன்கவையின் பளபளப்பான மேற்குழாய்களில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் தட்டும் கீறல் இருந்தால் அது சீலை வெட்டும், எண்ணெய் கசியும். அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.
2. முன்பிறேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று தட்டினால் கான்டிலின் பெயாரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது முன்கவையின் உட்புறம் தேய்ந்திருக்கிறது. முதலாவதை இறுக்கலாம், இரண்டாவதற்குச் செலவு அதிகம்.
3. சீற்றைப் பிடித்து மெதுவாக மேலே தூக்குங்கள். சில்லு நிலத்தைவிட்டு எழும்ப முன் சீற் சிறிது ஆடினால், பின்சஸ்பென்சனின் மூட்டுகள் தேய்ந்துள்ளன.
4. ஒட்டுகளிலும் மூட்டுகளிலும் வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.
5. கடைசியாக எப்போது சஸ்பென்சன் சேர்விஸ் செய்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால், முழுச் சேர்விஸின் செலவை விலையோடு கூட்டிப் பாருங்கள்.
6. வாங்கிய பற்றுச்சீட்டையும் சட்டக எண்ணையும் ஒப்பிடுங்கள். களவு வண்டியென்று பின்னர் தெரியவந்தால், காசும் போய் வண்டியும் போகலாம்.

பாகங்கள் பொருந்துமா?

ஊரில் ஒரு சைக்கிளின் உதிரிப்பாகம் பெரும்பாலும் மற்றதற்கும் பொருந்தும். இங்கே அப்படியில்லை. இணையத்தில் மலிவாகக் கண்டு வாங்கிய பாகம் பொருந்தாமல் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த அளவுகள்தான்.

சில்லு 26, 27.5, 29 அங்குலம் என மூன்று வகை. முன்கவை அதே அளவுக்குரியதாக இருக்கவேண்டும். முன்னச்சு 100 அல்லது 110 மில்லிமீற்றர் அகலம், பின்னச்சு 135, 142 அல்லது 148. 110, 148 அளவுகளை 'பூஸ்ட்' என்பார்கள். கான்டிலுக்குப் போகும் கவைத்தண்டு நேரானதாகவோ, கீழே தடித்ததாகவோ இருக்கும். கீழே தடித்த தண்டு நேரான சட்டகத்துக்குள் போகாது. பின்சில்லில் பல்லுச்சில்லுத் தொகுதி ஏறும் பகுதியும் வெவ்வேறு வகை. 12 கியர் சிமானோ தொகுதிகள் பலவற்றுக்கு 'மைக்றோ ஸ்பிளைன்' தேவை, சிறாமின் உயர்ந்த தொகுதிகளுக்கு 'எக்ஸ்டீ' தேவை.

நீளமான முன்கவை போட்டால் வண்டி 'நல்லாய் வரும்' என்று பிள்ளை சொல்லக்கூடும். 20 மில்லிமீற்றர் கூட்டினால் கான்டிலின் கோணம் ஏறத்தாழ 1 பாகை சாயும், சட்டகத்தின் கழுத்தில் இழுவையும் கூடும். சட்டகத் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் நில்லுங்கள்.

காசு குறைவென்றால் முதலில் ரயர், அடுத்து பிறேக் கட்டை, பிறகே மற்றவை. வண்டி நிலத்தைப் பிடிப்பதும் நிற்பதும் அந்த இரண்டில்தான்.

சஸ்பென்சனைப் பிள்ளையின் நிறைக்கு அமைத்தல்

விலையுயர்ந்த முன்கவையும் நிறைக்கு ஏற்ப அமைக்காவிட்டால் வீண். இதற்குச் சஸ்பென்சன் பம் ஒன்று வேண்டும். ரயருக்கு அடிக்கும் பம்மோ, பெற்றோல் நிலையத்துக் காற்றோ உதவாது, ஏனெனில் உள்ளே காற்றின் அளவு குறைவு, அமுக்கம் மிக அதிகம்.

ஆள் ஏறி நின்றவுடன் சஸ்பென்சன் தானாக அமரும் அளவை 'சாக்' என்பார்கள். முன்னுக்கு 15 முதல் 20 வீதம், பின்னுக்கு 25 முதல் 30 வீதம் இருந்தால் நல்ல தொடக்கம்.

தலைக்கவசம், பை எல்லாவற்றோடும் பிள்ளையை ஏற்றி, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெடலில் எழுந்து நின்று சிலதடவை அமுக்கியபின் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். மேற்குழாயில் உள்ள றப்பர் வளையத்தைச் சீல்வரை கீழே தள்ளுங்கள். பிள்ளை துள்ளாமல் இறங்கட்டும். வளையம் நகர்ந்த தூரத்தை அளவுங்கள். 140 மில்லிமீற்றர் அசைவுள்ள கவையில் 20 வீதம் என்றால் 28 மில்லிமீற்றர். அதைவிடக் கூட அமர்ந்தால் காற்றைக் கூட்டுங்கள், குறைய அமர்ந்தால் காற்றைக் குறையுங்கள்.

பின்சஸ்பென்சனில் ஒரு வேறுபாடு. அங்கே கணக்கிடுவது சில்லின் அசைவை அல்ல, சொக்கின் தண்டு நகரும் தூரத்தை. தண்டின் தூரம் 55 மில்லிமீற்றர் என்றால் 30 வீதம் 16.5 மில்லிமீற்றர்.

காற்றுச் சரியான பின்பே 'றீபவுண்ட்' திருகியைத் தொடுங்கள். அமுங்கிய சஸ்பென்சன் எவ்வளவு வேகமாகத் திரும்பி எழும் என்பதை அது தீர்மானிக்கிறது. கான்டிலை அமுக்கி விடும்போது முன்சில்லு நிலத்தைவிட்டுத் துள்ளினால் அது மிக வேகம். அடுத்தடுத்த கற்களில் எழும்ப நேரமின்றிக் கீழேயே அமர்ந்துகொண்டால் அது மிக மெது. பிள்ளைகள் வளர்வதால் 3 மாதத்துக்கு ஒரு தடவை மீண்டும் அளந்துபாருங்கள்.

மணிக்கணக்குச் சேர்விஸ்

றொக்சொக்ஸ் தன் முன்கவைகளின் கீழ்க்கால்களுக்கு 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை சேர்விஸ் சொல்கிறது. ஃபொக்ஸ் 125 மணி நேரத்துக்கு அல்லது ஆண்டுக்கு ஒரு தடவை முழுச் சேர்விஸ் சொல்கிறது. பிள்ளை வாரம் 3 மணி நேரம், சித்திரை முதல் ஐப்பசி வரை 30 வாரம் ஓடினால் 90 மணி நேரம். 50 மணிக் கணக்கில், இடையில் ஒரு தடவையும் பருவ முடிவில் ஒரு தடவையும் செய்யவேண்டும். சேறு, மழை அதிகமென்றால் இன்னும் முந்திச் செய்வது நல்லது.

கீழ்க்கால் சேர்விஸ் என்பது கால்களைக் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, சீலையும் நுரை வளையத்தையும் துப்புரவாக்கி, அளவான புதிய எண்ணெய் விடுவது. கைவேலை தெரிந்தவர் தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து வீட்டிலேயே செய்யலாம். ஆனால் கழற்றும் முன் காற்று முழுவதையும் வெளியேற்றவேண்டும். அமுக்கம் இருக்கும்போது திறந்தால் பாகம் பாய்ந்து காயப்படுத்தும். எண்ணெயால் துள்ளலை அடக்கும் 'டாம்பர்' பகுதியையும் பின்சொக்கின் உட்பகுதியையும் கடையில் கொடுப்பதே நல்லது.

ஓடி வந்தபின் மேற்குழாய்களை மென்மையான துணியால் துடைக்கச் சொல்லிப் பிள்ளையைப் பழக்குங்கள். உயரமுக்கத் தண்ணீரைச் சீலுக்கோ பெயாரிங்குக்கோ நேரே பாய்ச்சவேண்டாம். சேறு உள்ளே போவது அதனால்தான்.

பிறேக்: எண்ணெய் போத்தலைத் தள்ளி வையுங்கள்

கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவது ஊர்ப் பழக்கம். டிஸ்க் பிறேக்கில் ஒரு துளி எண்ணெய் பட்டாலும் பிடிப்புப் போய்விடும். செயினுக்கு ஸ்பிறே அடிக்கும்போது அது தட்டில் பட்டுவிடும், ஆகவே செயினுக்குத் துளித்துளியாக விடுங்கள். எண்ணெய் ஊறிய பிறேக் கட்டையை மாற்றுவதே பாதுகாப்பு.

பிறேக்குக்குள் இருக்கும் திரவமும் ஒன்றல்ல. சிமானோவும் மகுராவும் கனிம எண்ணெய் பாவிக்கின்றன. சிறாமின் பல பிறேக்குகள் 'டொட்' திரவம் பாவிக்கின்றன. மாற்றி விட்டால் உள்ளிருக்கும் சீல் கெட்டு, பிறேக் இறக்கத்தில் கைவிடும். பிறேக்கில் எழுதியிருப்பதைப் பார்த்தே வாங்குங்கள்.

சிமானோ கட்டையின் உராய்வுப் பகுதி 0.5 மில்லிமீற்றராகவும் தட்டு 1.5 மில்லிமீற்றராகவும் தேய்ந்தால் மாற்றவேண்டும். புதுக் கட்டை போட்டதும் சமதரையில் 20 தடவையளவு மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓடியபின்பே மலைக்குப் போகலாம்.

செயினும் ரயரும்

செயினின் 24 கண்ணிகள், புதிதில் 304.8 மில்லிமீற்றர். தேயத் தேய இது நீளும். 11, 12 கியர் வண்டியில் 0.5 வீதம், அதாவது 306.3 மில்லிமீற்றர் ஆனதும் மாற்றுங்கள். 8 முதல் 10 கியர் வண்டியில் 0.75 வீதம் வரை விடலாம். பிந்தினால் நீண்ட செயின் பல்லுச்சில்லுகளையும் அரித்துவிடும், அதன் விலை செயினைப்போல் பல மடங்கு.

ரியூப் இல்லாத ரயரில் காற்றுக் குறைவாக வைத்து நல்ல பிடிப்புப் பெறலாம். 75 கிலோ ஆளுக்கு 2.4 அங்குல ரயரில் முன்னுக்கு 1.6, பின்னுக்கு 1.8 பார் என்று தொடங்கிப் பாருங்கள். இலேசான பிள்ளைக்கு இதிலும் குறைய. உள்ளே உள்ள அடைக்கும் திரவம் சில மாதங்களில் காய்ந்துவிடும். குலுக்கும்போது சத்தம் கேளாவிட்டால் புதிது விடுங்கள்.

வீட்டில் இருக்கவேண்டியவை

சஸ்பென்சன் பம், 4, 5, 6 அலன் கீ, ரீ25 சாவி, செயின் அளவி, இறுக்கத்தை அளந்து காட்டும் ரோர்க் ஸ்பானர். கான்டிலைப் பிடிக்கும் ஆணிகள் பலவற்றுக்கு 5 நியூற்றன் மீற்றர் போதும், ஆனால் பாகத்தில் எழுதியிருக்கும் அளவே சரியானது. இடது பெடலின் புரி மறுபக்கம் சுற்றும் என்பது ஊர்ச் சைக்கிளிலும் இதிலும் ஒன்றுதான்.

ஒரு சின்னக் கொப்பியைச் சைக்கிளோடு வையுங்கள். ஓடிய மணி நேரம், சாக் அளவு, காற்றின் அளவு, சேர்விஸ் செய்த நாள் ஆகியவற்றைப் பிள்ளையே எழுதட்டும். புறப்படும் முன் இரு பிறேக், இரு அச்சு, கான்டில், ரயர் ஆகியவற்றைப் பிள்ளையே தொட்டுப் பார்க்கட்டும். மலையில் இறங்கும்போது நாம் பக்கத்தில் இருக்கமாட்டோம். அந்த இடத்தில் பிள்ளையைக் காப்பது வண்டியின் விலையைவிட இந்தப் பழக்கமே.