ஒரு வெள்ளியும் சில சனிக்கிழமைகளும்

சனிக்கிழமை காலை. அக்கம்பக்கப் பள்ளி ஒன்றின் பக்கவாட்டு வாயிலைக் காவலர் திறந்துவிடுகிறார். வாரநாளில் ஆயிரம் பிள்ளைகள் ஓடும் நடைபாதையில் இன்று முப்பது, நாற்பது பேர்தான். சிலர் வீட்டுச் செருப்போடு வருகிறார்கள். ஒரு பெண் தம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள். வீட்டில் அம்மா இரவு வேலை முடிந்து தூங்குகிறார், அவனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவனுக்கு ஒரு நாற்காலியும் வண்ணப் பென்சிலும் கொடுத்துப் பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டுத்தான் அன்றைய பின்னக் கணக்கைத் தொடங்குவோம்.

சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தைப் பற்றி, நாமெல்லாம் சிண்டா என்று அழைக்கும் அமைப்பைப் பற்றி, இம்மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது என் மனத்தில் முதலில் வந்தது அந்தப் பின்வரிசை நாற்காலிதான். துணைப்பாட ஆசிரியராக இருந்தவளுக்கு ஆண்டறிக்கையைவிட வகுப்பறைதான் நன்றாக நினைவிருக்கிறது.

கதையைச் சற்று முன்னிருந்தே தொடங்க வேண்டும். 1946இல் கடையநல்லூர் மக்கள் இங்கு தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளிதான் இத்தீவின் கடைசித் தமிழ்வழி உயர்நிலைப்பள்ளி. அது 1982இல் மூடப்பட்டது. 1987க்குள் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி என்றாகிவிட்டது. பிழைப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்று பெற்றோரே விரும்பி ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு வீட்டுக்குள் ஒரு விலை இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்த அப்பாவுக்கு மகனுடைய கணக்குப் புத்தகம் புரியவில்லை. கணக்கு தெரியாததால் அல்ல. கேள்வி ஆங்கிலத்தில் இருந்ததால்.

அதே காலத்தில்தான் பள்ளிகளில் திறனுக்கேற்பப் பிரிக்கும் முறை வந்தது. 1979ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையைத் தொடர்ந்து தொடக்கநிலை மூன்றின் முடிவிலேயே பிள்ளைகளைப் பிரித்தார்கள். 1992 முதல் அது தொடக்கநிலை நான்குக்குத் தள்ளிப்போனது. எப்படிப் பார்த்தாலும் ஒன்பது, பத்து வயதில் ஒரு பிள்ளையின் பாதை பெருமளவு முடிவானது. அந்த வயதில் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்க ஒருவர் இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையில் விழுந்த இடைவெளி பிறகு எளிதில் மூடவில்லை. வசதியுள்ள வீடுகள் துணைப்பாட ஆசிரியரை அமர்த்திக்கொண்டன. இந்நாட்டில் துணைப்பாடம் அன்றும் இன்றும் பெரிய தொழில். பள்ளி எல்லாருக்கும் பொது. பள்ளி விட்டபின் வரும் மணிநேரங்கள் அப்படி இல்லை. அவை அவரவர் வீட்டு வசதியைப் பொறுத்தவை.

மலாய்ச் சமூகம் இதை நமக்கு முன்பே உணர்ந்தது. 1982இல் மெண்டாக்கி என்ற சுய உதவி அமைப்பு பிறந்தது. இந்தியச் சமூகத்தில் கல்விக்கென அமைந்த நடவடிக்கைக் குழு நம் பிள்ளைகளின் நிலையை ஆராய்ந்து 1991இல் ஓர் அறிக்கை தந்தது. அதன் ஆங்கிலத் தலைப்புக்குப் பொருள் 'நாற்சந்தியில்' என்பது. அதே ஆண்டில் சிண்டா உருவானது. அடுத்த ஆண்டு சீனச் சமூகத்துக்கான அமைப்பும் வந்தது. குறையைப் பொது இடத்தில் ஒப்புக்கொள்வது எந்தச் சமூகத்துக்கும் எளிதல்ல. நம் பிள்ளைகள் கணக்கில் பின்தங்கியிருக்கிறார்கள் என்று நம்மவர்களே எழுதிக் கையொப்பமிட்டார்கள். அந்தத் துணிவை இந்த நிறுவனத்தின் முதல் முதலீடாகவே நான் கருதுகிறேன்.

பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை நம்மில் பெரும்பாலோரின் சம்பளச் சீட்டிலேயே இருக்கிறது. மத்திய சேம நிதிக் கழிவுக்குக் கீழே ஒரு சிறு வரியில் சிண்டா நிதி என்று இருக்கும். 2015இல் மாற்றியமைத்த அளவுப்படி, மாதம் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகாத சம்பளக்காரருக்கு ஒரு வெள்ளி, பதினைந்தாயிரத்துக்கு மேல் வாங்குபவருக்கு 30 வெள்ளி. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம். இருந்தும் பெரும்பாலோர் விலகுவதில்லை. ஒருமுறை என் வகுப்பு மாணவனின் தந்தை, துப்புரவு வேலை செய்பவர், தம் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். "இந்த ஒரு வெள்ளி இங்கதானம்மா வருது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மகனுக்கு யாரோ தருமம் செய்கிறார்கள் என்ற கூச்சம் அவரிடம் அதுவரை இருந்தது. அன்றோடு அது போயிற்று.

சிறுகச் சிறுகச் சேர்த்துக் கல்விக்குக் கொடுக்கும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதன்று. தமிழ் முரசு இதழை 1935இல் தொடங்கிய கோ. சாரங்கபாணி, 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். தமக்குப் பல்கலைக்கழக வாசலை மிதிக்க வாய்ப்பே இல்லாத உழைப்பாளிகளும் அதற்குக் கொடுத்தார்கள்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன், ஏனென்றால் நிறுவனம் நடந்தது அங்கேதான். 'ஸ்டெப்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் துணைப்பாடத் திட்டம் தொடக்க ஆண்டுகளிலிருந்தே சிண்டாவின் முதுகெலும்பு. சொந்தக் கட்டடம் கட்டி அங்கே பிள்ளைகளை வரவழைக்கவில்லை. தீவெங்கும் உள்ள பள்ளிகளில் வகுப்பறைகளைக் கேட்டு வாங்கி, மாலைகளிலும் சனிக்கிழமைகளிலும் சிறு குழுக்களாக நடத்தினார்கள். பிள்ளை பேருந்தில் ஒரு மணி நேரம் போக வேண்டியிருந்தால் மூன்றாம் வாரம் வராது என்பது அனுபவம் சொன்ன பாடம்.

நான் பார்த்த பிள்ளைகளில் பலருக்குக் கூட்டல், கழித்தல், பெருக்கல் நன்றாகவே வரும். தடுக்கி விழுவது சொற்கணக்கில். ஒருவனை மறக்க முடியாது, தொடக்கநிலை ஐந்து. கேள்வி இதுதான்: ரவியிடம் மணியைவிட 24 கோலிகள் அதிகம், இருவரிடமும் சேர்த்து 96, மணியிடம் எத்தனை? அவன் யோசிக்கவே இல்லை. 96ஐயும் 24ஐயும் கூட்டி 120 என்று எழுதினான். ஏன் என்றேன். "'மோர்'னு இருந்தா கூட்டணும், டீச்சர்." யாரோ எப்போதோ சொல்லிக்கொடுத்த குறுக்குவழி. அதைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகளாகத் தவறாகவே எழுதியிருக்கிறான். பள்ளி வகுப்பில் நாற்பது பேர் இருக்கும்போது தவறு என்று சிவப்பு மையில் குறி போடலாம். அந்தத் தவறு எங்கே பிறந்தது என்று கேட்க ஆசிரியருக்கு நேரம் ஏது?

கல்வி அமைச்சின் பாடத்திட்டக் குழு 1980களில் உருவாக்கிய பட்டைப்படம் இங்கேதான் கைகொடுத்தது. மணிக்கு ஒரு பட்டை வரைந்தோம். அதற்குக் கீழே ரவிக்கு அதே நீளத்தில் ஒன்று, அதன் முனையில் ஒட்டிக்கொண்டு 24 என்ற சிறு துண்டு. "இந்தத் துண்டை வெட்டிப் போட்டா?" என்று கேட்டேன். 72 என்றான். "இப்ப ரெண்டு பட்டையும்?" வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "சமம்" என்றான். 36 என்று அவன் எழுதியபோது மணி பத்தரை. ஒரு கணக்குக்கு இருபது நிமிடம். இந்த இருபது நிமிடத்தை வாங்கித்தான் அந்த ஒரு வெள்ளிகள் செலவாயின.

பின்னர் 'புராஜெக்ட் டீச்' போன்ற திட்டங்கள் வந்தன. பள்ளி விட்டதும் அதே பள்ளியிலேயே பாடத்தோடு ஊக்கமும், பெற்றோருக்கு வழிகாட்டலும் தந்தன. சிண்டா உட்படச் சமூகச் சுய உதவிக் குழுக்கள் நான்கும் சேர்ந்து கூட்டுத் துணைப்பாடத் திட்டத்தையும் நடத்துகின்றன. வீட்டுக்கு அருகில் எந்தக் குழுவின் வகுப்பு இருக்கிறதோ அங்கே பிள்ளை போகலாம். இனவாரியாக உதவுவது சரியா என்று இளையர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தாய்மார்களிடம் அவர்கள் மொழியில் பேசி, வீட்டுக் கதவைத் தட்டி அழைத்துவர, அந்தச் சமூகத்துக்குள்ளிருந்து ஒருவர் வேண்டியிருந்தது என்பதே என் அனுபவம். உள்ளே வந்து உட்கார்ந்தபின் வகுப்பு எல்லாருக்கும் ஒன்றுதான்.

கல்லூரி, வேலை என்று பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் கல்லூரி என்றால் மருத்துவம், சட்டம், பொறியியல் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. உயர்நிலைப்பள்ளியில் வழக்கநிலைத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன பிள்ளையைப் பற்றி உறவினர் முன் பேசாமல் மறைத்த பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பிள்ளைக்குச் செய்த பெரிய அநீதி. 1992இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் நைட்டெக் சான்றிதழ், பிறகு உயர் நைட்டெக், அங்கிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரி, அதற்குப்பின் பல்கலைக்கழகம் என்று ஏறிப் போனவர்கள் எத்தனையோ பேர். ஆண்டுகள் கூடுதலாகும், அவ்வளவுதான். அந்தப் படிகளைப் பெற்றோருக்கு ஒரு தாளில் வரைந்து காட்டுவதற்கே பல மாலைகள் தேவைப்பட்டன. பிரிக்கும் முறையும் மெல்ல மாறியது. 2008இல் பாடவாரியான தரம்பிரிப்பு தொடக்கநிலைக்கு வந்தது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பிரிவுகளே இல்லை. ஒன்பது வயதில் கதவு சாத்தப்பட்ட தலைமுறைக்குப் பாடம் எடுத்த எங்களுக்கு அது மனம் நிறைந்த செய்தி.

2020 மார்ச் இறுதியில் கொவிட்-19 தொற்றால் துணைப்பாட நிலையங்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே வீட்டுக்குள் இருந்தது. இரண்டறை வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு கைப்பேசி. யாருடைய வகுப்புக்கு அதைக் கொடுப்பது? கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போட்ட ஒரு மாணவி எனக்குத் தெரியும், அங்குதான் சத்தம் குறைவு. பிள்ளை படிக்க ஒரு மேசையும் ஒரு அமைதியான மூலையும் வேண்டும் என்பதை எத்தனை எளிதாக மறந்துவிடுகிறோம். நாங்கள் இத்தனை ஆண்டு கொடுத்தவற்றில் பாதி அந்த மூலைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

சிண்டாவின் முகவரி பீட்டி சாலை, எண் 1. சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம். அதே சாலையில்தான் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையமும் இருக்கிறது, மூடப்பட்ட அந்தப் பள்ளியின் பெயரைத் தாங்கிக்கொண்டு.

இரவல் வகுப்பறைக்கு ஒரு விதி உண்டு. முடிந்ததும் நாற்காலிகளைப் பழையபடி அடுக்க வேண்டும், பலகையைத் துடைக்க வேண்டும். திங்கட்கிழமை வரும் பிள்ளைகளுக்கு நாம் வந்துபோன தடமே தெரியக்கூடாது. அன்று 36 எழுதியவன் நான் துடைப்பானை எடுத்ததும் ஓடிவந்தான். "கொஞ்சம் இருங்க டீச்சர், அழிக்காதீங்க." நோட்டைச் சுவரில் வைத்து, இரண்டு பட்டைகளையும் அளவுகோலால் அளந்து அளந்து வரைந்துகொண்டான். காவலர் வாயிலில் சாவிக்கொத்தோடு காத்திருந்தார். நாங்கள் இருவரும் அவன் முடிக்கும்வரை நின்றோம்.