ஒரே லேன் கேபிளில் 64 சேனல்: கம்ப்யூட்டரை 'டான்டே' மிக்சருடன் இணைப்பது எப்படி? சவுண்ட் வராமல் போவது ஏன்?

நிகழ்ச்சி தொடங்க அரை மணி நேரம்தான் இருக்கு. மிக்சரில் எல்லா மைக்கும் வேலை செய்யுது. ஆனா ரெக்கார்டிங் எடுக்க வேண்டிய லேப்டாப்பில் மட்டும் மீட்டர் அசையவே இல்லை. கேபிள் சரியாத்தான் இருக்கு. அப்புறம் எங்கே சிக்கல்?

டான்டே என்றால் என்ன?

சாதாரண நெட்வொர்க் கேபிள் வழியே ஆடியோவை அனுப்பும் தொழில்நுட்பம் இது. 2006-ல் தொடங்கப்பட்ட ஆஸ்திரேலியாவின் ஆடினேட் நிறுவனம் உருவாக்கியது. மைக் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயர் இழுக்கும் வேலையே இதில் இல்லை.

கம்ப்யூட்டரில் என்ன வேண்டும்?

இரண்டு சாஃப்ட்வேர். முதலாவது 'டான்டே வர்ச்சுவல் சவுண்ட்கார்டு'. லேன் போர்ட்டையே சவுண்ட் கார்டாக மாற்றும் இதற்கு லைசென்ஸ் கட்டணம் உண்டு. 48 கிலோஹெர்ட்ஸில் அதிகபட்சம் 64 சேனல் உள்ளே, 64 சேனல் வெளியே. இரண்டாவது 'டான்டே கன்ட்ரோலர்', இது இலவசம்.

பலரும் தடுமாறுவது இந்த இரண்டாவதில்தான். கேபிளைச் சொருகினா மட்டும் சவுண்ட் வந்துடாது. கன்ட்ரோலரைத் திறந்தால் கட்டம் போட்ட திரை வரும். மேலே அனுப்பும் கருவிகள், இடப்பக்கம் பெறும் கருவிகள். மிக்சரின் சேனலும் லேப்டாப்பின் சேனலும் சந்திக்கும் கட்டத்தை கிளிக் செய்து, பச்சை டிக் வந்தால்தான் இணைப்பு கிடைத்ததாக அர்த்தம். பிறகு ரெக்கார்டிங் சாஃப்ட்வேரிலும் இதே சவுண்ட்கார்டைத் தேர்வு செய்யணும். அவசரத்தில் இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

டிக் வரலையா?

வைஃபையில் இது வேலை செய்யாது, கேபிள் கட்டாயம். லேப்டாப்பில் வைஃபையும் ஓடிக்கொண்டிருந்தால், இரண்டு சாஃப்ட்வேரிலும் லேன் போர்ட்தான் தேர்வாகி இருக்கான்னு பாருங்க. அடுத்து சாம்பிள் ரேட். மிக்சர் 48, லேப்டாப் 44.1 என்று இருந்தால் இரண்டும் சேராது. மிக்சரே திரையில் தெரியவில்லை என்றால் ஃபயர்வால் தடுக்கிறதா என்று சோதிக்கலாம்.

இன்னொரு விஷயம். இந்த நெட்வொர்க்கில் எல்லா கருவிகளும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றும். வர்ச்சுவல் சவுண்ட்கார்டால் அந்தக் கடிகாரமாக இருக்க முடியாது. அதனால் மிக்சர் போன்ற டான்டே ஹார்டுவேர் ஒன்றாவது இருக்கணும். இரண்டு லேப்டாப்பை மட்டும் இதை வைத்து இணைத்தால் ஓடாது.

சவுண்ட் விட்டு விட்டு வருதா?

ஸ்விட்ச்சைப் பாருங்க. மின்சாரத்தை மிச்சப்படுத்தும் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்' வசதி டான்டேவுக்கு ஆகாது. அதை ஆஃப் செய்ய முடிகிற கிகாபிட் ஸ்விட்ச்சே நல்லது. ஒரு மிக்சர், ஒரு லேப்டாப் மட்டும்தான் என்றால் ஸ்விட்ச்சே வேண்டாம், நேரடியாக இணைக்கலாம்.

அப்படியும் விட்டுப்போனால், சவுண்ட்கார்டின் தாமதத்தை 4 மில்லிசெகண்டில் இருந்து 6 அல்லது 10 ஆக உயர்த்தலாம். ரெக்கார்டிங்குக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மேடையில் பாடுபவர் கேட்கும் மானிட்டர் ஒலியை லேப்டாப் வழியாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டாம். அதை மிக்சரில் இருந்தே கொடுங்க.