ஓர் அறை, ஓர் உலை: சிங்கப்பூரின் உடனுறை நட்பு

'சம்' என்பது நெருங்கிய நண்பனைக் குறிக்கும் ஆங்கிலப் பேச்சு வழக்கு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆக்ஸ்ஃபர்டு மாணவர்களிடையே புழங்கத் தொடங்கியது. ஒரே அறையில் தங்குபவனைக் குறித்த 'சேம்பர் ஃபெல்லோ' என்ற தொடரே இப்படிச் சுருங்கியது என்பது சொல்லாய்வாளர் பலரின் கருத்து. 'காம்ரேட்' என்ற சொல்லும் ஸ்பானிய மொழி வழியாக, அறையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்தே வந்தது. சேர்ந்து குடியிருந்தவர்களே நண்பர் எனப் பெயர் பெற்றார்கள்.

பிரிட்டிஷ் இந்தியாவில் 'சம்' என்பதிலிருந்து 'சம்மரி' பிறந்தது. மணமாகாத வெள்ளைக்கார இளைஞர்கள் வாடகையையும் சமையல் செலவையும் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த வீடு அது. சிங்கப்பூரில் ஐரோப்பிய வணிக நிறுவனங்களின் இளம் உதவியாளர்களும் இப்படித்தான் குடியிருந்தார்கள்.

அதே நகரில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில், நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன. நீளமான ஒரே கூடத்தில் பல விலாசங்கள், அதாவது நிறுவனங்கள், வட்டித்தொழில் நடத்தின. விலாசத்துக்கு ஒரு கணக்குப்பெட்டி. அதன் முன்னே தரையில் சம்மணமிட்டு மேலாள் எனப்படும் முகவர் அமர்ந்திருப்பார். அருகில் அடுத்தாளும் பெட்டியடிப் பையனும். பகலில் கடன் கொடுத்த இடத்திலேயே இரவில் பாய் விரித்துப் படுத்தார்கள். சமையலும் பொதுவில் நடந்தது. மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டு, பெரும்பாலும் மூன்றாண்டுப் பணித்தவணைக்கு வந்தவர்களுக்குத் தொழிலில் போட்டியாளரே உடனுறைபவரும் ஆனார். பொறுப்பும் பணமும் வீட்டு நினைவும் ஒரே கூரையின்கீழ் இருந்ததால், சம்மரியைவிடக் கிட்டங்கியின் உறவே கெட்டியானது எனலாம். அந்த உறவின் பெரிய சாட்சி 1859இல் அவர்கள் டேங்க் ரோட்டில் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில். 1970களில் நகரச் சீரமைப்பில் மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன.

கியோங் சைக் ரோட்டில் உள்ள லயன் சித்தி விநாயகர் கோயிலின் பெயரிலும் ஓர் உடனுறைவு இருக்கிறது. அதிலுள்ள 'லயன்', இந்தியச் சிப்பாய்கள் வரிசைக் குடியிருப்புகளில் தங்கிய சிப்பாய் லைன்ஸைக் குறிக்கிறது.

இன்று ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் கூடும் தமிழகத் தொழிலாளர்களில் பலர், தீவின் ஓரங்களில் உள்ள டார்மிட்டரிகளில் அறை பகிர்ந்து வாழ்பவர்கள். ஊர்க்காரரும் புதியவரும் அங்கே ஒரே அறையில் பழகுகிறார்கள். 2021இல் அறிவிக்கப்பட்ட தரவிதிகளின்படி, புதிய விடுதிகளில் ஓர் அறையில் அதிகபட்சம் 12 பேர் தங்கலாம்.